கட்டுச்சோறும் கடற்பாசியும்

'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு?' என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லூரிக்கு வரும் மாணாக்கர் இவ்விரண்டினையுமே நாடோறும் சுமந்து வருகின்றனர். சொல்லிக் கொடுக்கும் வார்த்தையைக் குறித்துக் கல்லூரி மலர்களில் எழுதுவோர் பலர். கட்டிக் கொடுக்கும் சோற்றைக் குறித்து எழுதுவோர் அரியர். ஆதலின் அவ்வெளிய பொருளையே யான் எடுத்துக்கொண்டேன். எளியது என்று இதனை அன்பர்கள் இகழாதிருப்பாராக. ஓர் இல்லத்தின் செல்வநிலையும், ஒரு தாயின் உழைப்பும், ஓர் இளைஞனின் மனப்பான்மையும் ஒருங்கே வெளிப்படும் இடம் நண்பகலில் திறக்கப்படும் உணவுப் பாத்திரமேயாகும்.

நம் மாணாக்கருட் பலர் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய மேற்குப் புறநகர்களிலிருந்து வருவோர். விடியற்காலையில் எழுந்து, மின்சார வண்டியிலோ பேருந்திலோ நெருக்குண்டு வருகின்ற இவர்களுக்குக் கட்டுச்சோறே நண்பகல் உணவு. சில திங்களுக்கு முன்னர், மரநிழலில் அமர்ந்து உண்ணும் மாணவர் கூட்டமொன்றைக் கடந்து செல்லுங்கால் யான் கண்ட காட்சியொன்று என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. ஒரு மாணவன் தன் பாத்திரத்தைத் திறந்தான். கரும்பச்சை நிறமுடைய மெல்லிய தாள் போன்ற கடற்பாசியிற் சோற்றைச் சுருட்டி, வட்ட வட்டமாக அரிந்து அடுக்கியிருந்தது. நண்பர் பலரும் சூழ்ந்துகொண்டு, கொரிய நாட்டு உணவென வியந்து, ஆளுக்கொன்று கேட்டு உண்டனர். அவன் அருகிருந்த மற்றொருவனோ தன் பாத்திரத்தின் மூடியைச் சிறிதே சாய்த்து, உள்ளிருப்பது பிறர் கண்ணிற் படாதவாறு மறைத்துக்கொண்டு உண்டான். அவன் மறைத்தது முந்திய நாள் இரவு வடித்த சோற்றிற் புளிக்காய்ச்சல் பிசைந்த உணவு. முதல்வனை நோக்கி, 'தம்பி, இதனைச் செய்வது கடினமோ?' என்று வினவினேன். 'இல்லை, ஐயா, இரவு மிஞ்சிய சோற்றில் அம்மா செய்து தந்தார்கள்' என்றான். இரண்டும் முந்திய இரவின் மிச்சமே! ஒன்று பெருமையாயிற்று, மற்றொன்று நாணமாயிற்று. இவ்வேறுபாடு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வுணவு நம் ஊர்ப்பக்கம் வந்த வரலாறு நெடியதன்று. பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில், கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து 1998-ஆம் ஆண்டு முதற் கார் வெளிவந்தது. அதனையொட்டிக் கொரிய நாட்டவர் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். அவர்களுக்கென மளிகைக் கடைகளும் உணவுச்சாலைகளும் தோன்றின. பின்னர்க் கொரிய நாடகத் தொடர்கள் நம் இளைஞரின் கைப்பேசிகளிற் புகுந்தன. இவ்வாறு ஒரு பக்கம் தொழிலும் ஒரு பக்கம் கலையும் வழிகாட்ட, 'கிம்பாப்' எனப்படும் கடற்பாசிச் சோற்றுச்சுருள் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. ஜப்பானியர் இதனையொத்த உணவை 'நோரிமாக்கி' என்பர். அவர்கள் சோற்றிற் புளிக்காடி கலப்பர். கொரியர் எள்ளெண்ணெயும் உப்பும் கலப்பர். இரு நாட்டாரும் இத்தகைய சுருளைப் பள்ளிச் சிறார்க்கும் வழிநடைப் பயணிக்கும் கட்டிக் கொடுப்பதனை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

இனி நம் வழக்கத்தை நோக்குவோம். நெடுவழி செல்வார்க்கு நம் முன்னோர் புளிச்சோறு கட்டிக் கொடுத்தனர். அதிற் புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்தமை சுவைக்காக மட்டுமன்று. சோறு கெடாமற் காத்தற்பொருட்டுமாம். ஜப்பானியர் புளிக்காடியைக் கொண்டு செய்ததனை நாம் புளியைக் கொண்டு செய்தோம். கொரியர் எள்ளெண்ணெய் பிசறியதைப் போன்றே நாமும் எள்ளின் நெய்யையே பிசறினோம். கடல் கடந்த இரு நிலத்து மக்களும், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே தேவைக்கு ஒரே வகையான விடை கண்டனர் என்பது எத்துணை வியப்பு! திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிற் பசியால் வாடிய திருநாவுக்கரசர்க்கு இறைவன் பொதிசோறு அளித்த வரலாற்றைப் பெரியபுராணம் உரைக்கின்றது. கிறிஸ்துநாதர் ஐயாயிரவர்க்கு உணவளித்த அதிசயத்தை நம் ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அவ்வதிசயம் எல்லோரும் உண்டு நிறைந்ததனோடு முடியவில்லை. எஞ்சிய துணுக்கைகளும் வீணாகாமற் சேர்க்கப்பட்டுப் பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்பதும் அதன் பகுதியே. சிறுவன் ஒருவன் கொண்டுவந்த ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் அன்றைய விருந்துக்கு முதலாயிருந்தன. அதுவும் ஒருவகைக் கட்டுச்சோறே என்பதனை எண்ணிப் பார்த்தோர் சிலரேயாவர். மிச்சத்தை மதித்தல் எச்சமயத்தார்க்கும் உரிய அறம்.

நம் புறநகரின் வரலாறும் கட்டுச்சோற்றோடு பிணைந்ததே. 1964-ஆம் ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அத்தொழிற்சாலைகளின் வாயிலில் அடுக்குப் பாத்திரத்துடன் நுழைந்தவர்களின் மக்களும் பேரன்மாரும் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். பழைய சோற்றை உண்டு உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் பழைய சோற்றுக்கு நாணுவராயின், அந்நாணம் சோற்றின்மேல் மட்டும் நிற்பதன்று. அதனைச் சமைத்த கையின்மீதும், அதனைத் தேடிய தோளின்மீதும் சென்று படிகின்றது. இதுவே என் மனத்தை வருத்துவது.

ஆயினும் மிச்சத்தை மதித்தல் என்பது கெட்டதனையும் உண்ணுதல் ஆகாது. இவ்விடத்தில் அறிவியல் கூறும் எச்சரிக்கையை மறைத்தல் குற்றமாகும். அரிசியிற் 'பாசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் இயல்பாகவே இருத்தல் கூடும். சோறு கொதிக்கும்பொழுதும் அவை மடிவதில்லை. வடித்த சோற்றை வெப்பமான அடுக்களையில் நெடுநேரம் வாளா வைத்திருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடுபடுத்தினாலும் அழியாது. ஆதலின் மறுநாட் கட்டுச்சோற்றுக்கென ஒதுக்கும் சோற்றை இரவு உணவு முடிந்தவுடன் அகன்ற தட்டிற் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். காலையில் ஆவி எழும்வரை ஒருமுறை நன்கு சூடாக்கி, உடனே புளிக்காய்ச்சலோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துப் பிசைதல் வேண்டும். புளிப்பு மிகுந்த சோற்றில் அந்நுண்ணுயிர் எளிதிற் பெருகுவதில்லை. குளிர்பதனப் பெட்டி இல்லாத இல்லத்தில் இரவுச் சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்துக் காலையில் வீட்டிலேயே பழையமுதாக உண்பதே முன்னோர் காட்டிய நெறி. அதனைச் சுருட்டிக் கட்டிச் செல்லுதல் தகாது.

இனிச் செய்முறையைச் சுருங்கக் கூறுவேன். நாம் பெரிதும் வடிக்கும் பொன்னி அரிசிச் சோறு உதிரியாகவே நிற்கும்; கொரியரும் ஜப்பானியரும் உண்ணும் குட்டை அரிசிச் சோறோ ஒன்றோடொன்று ஒட்டும். மாவுப்பொருளின் இரு கூறுகளுள் 'அமைலோஸ்' நம் அரிசியில் மிகுதியாகவும் அவர்கள் அரிசியிற் குறைவாகவும் இருத்தலே இதற்குக் காரணம். குளிர்ந்த சோறு மேலும் விறைத்துவிடும். ஆகவே சோறு சூடாயிருக்கும்பொழுதே மத்தின் அடிப்புறத்தாற் சிறிதே மசித்துக்கொண்டால் அது சுருளுக்கு இணங்கும். கொரியர் மூங்கிற் சிறுபாயின்மேல் வைத்துச் சுருட்டுவர். நமக்கு அனலில் வாட்டிய வாழையிலைத் துண்டே போதும். இலையின்மேற் கடற்பாசித் தாளைப் பளபளப்பான புறம் கீழாக விரித்து, ஆறிய சோற்றை மெல்லியதாகப் பரப்பி, மறுவோரத்தில் விரலகலம் வெறுமையாக விடுதல் வேண்டும். நடுவே கேரட்டுப் பொரியல், பீன்ஸ் பொரியல், கெட்டியான தேங்காய்த் துவையல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிரண்டினை வரிசையாக வைக்கலாம். குழம்பு, தயிர் போன்ற நீர்ப்பொருள் ஆகா; தாள் நைந்துவிடும். தேங்காயும் முட்டையும் காலையிற் புதிதாகச் செய்தனவாயின் நன்று. கோடைக்காலத்தில் அவற்றை விலக்குதல் அதனினும் நன்று. பின்னர் இறுகச் சுருட்டி, வெறும் ஓரத்தை நீராற் சிறிது நனைத்து ஒட்டி, மேலே நல்லெண்ணெய் தடவி, ஈரக் கத்தியால் அரிதல் வேண்டும். சுருட்டிய வாழையிலையிலேயே பொதிந்து பாத்திரத்துள் வைத்துவிடலாம். இவ்வனைத்தும் கால் மணி நேர வேலையே.

இத்துணை எளிதாயின், அந்தத் தாளை நாம் எங்கிருந்து பெறுகின்றோம் என்பதும் அறியத்தக்கதே. கடைகளில் விற்கும் தாள் பெரும்பாலும் கொரியா, ஜப்பான், சீனம் ஆகிய நாடுகளின் கடலில் வளரும் செம்பாசி வகையொன்றினாற் செய்யப்படுவது. அப்பாசியை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்வது போலவே சட்டத்தில் ஊற்றி உலர்த்துகின்றனர். ஆயினும் நெடுங்காலம் வரையில் இதனைப் பயிரிடுதல் சூதாட்டத்தை ஒத்திருந்தது. கோடையில் அப்பாசி கண்ணிற்படாது மறையும். எங்கே போகின்றது என்பதனை எவரும் அறியார். 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து அறிஞராகிய காத்லீன் துரூ என்னும் பெண்மணியார், அப்பாசி தன் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கிளிஞ்சல் ஓடுகளுக்குள் நுண்ணிய இழையாக மறைந்து கழிக்கின்றது என்று கண்டு வெளியிட்டார். மணமான மகளிரை ஆசிரியப் பணியில் வைத்துக்கொள்ளாத அக்கால வழக்கத்தால் வேலையிழந்தவர் அவர். ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. அவர் கண்ட உண்மையை அடிப்படையாகக் கொண்டே ஜப்பானிய அறிஞர் பாசிக்கு விதையிடும் முறையை அமைத்தனர். அந்நாட்டுப் பாசி உழவர் 1963-ஆம் ஆண்டு கியூஷூ தீவின் கடலோரத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, 'கடலின் தாய்' எனப் போற்றுகின்றனர். அவரோ அந்நாட்டில் ஒருமுறையேனும் கால் வைத்தவரல்லர். மாணாக்கர் உண்ணும் ஒரு சுருளுக்குள் இத்துணை வரலாறு அடங்கியிருக்கின்றது.

நம் கடலும் வறியதன்று. மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பாசிகளைச் சென்னைப் பேரறிஞர் எம். ஓ. பி. அய்யங்கார் ஆராய்ந்து 1927-ஆம் ஆண்டிலேயே எழுதினார். இராமநாதபுரம் கடற்கரைச் சிற்றூர்களின் மகளிர் விரல்களிற் துணி சுற்றிக்கொண்டு, நீரில் மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசியைப் பறித்து வாழ்ந்து வந்துள்ளனர். அவர்கள் 'மரிக்கொழுந்து' என்றும் 'கஞ்சிப்பாசி' என்றும் பெயரிட்டு வழங்கும் பாசிகளிலிருந்து 'அகர்' என்னும் பொருள் எடுக்கப்படுகின்றது. கஞ்சிப்பாசி என்னும் பெயரே, அது ஒரு காலத்து உணவாயிருந்ததனைக் காட்டுகின்றதன்றோ! நோன்புக் காலத்தில் நம் இசுலாமிய அன்பர்கள் பாலிற் காய்ச்சி உறையவைத்து உண்ணும் 'கடற்பாசி' அந்த அகரே. 2000-ஆம் ஆண்டையொட்டி மூங்கில் மிதவைகளில் வேறொரு பாசியைப் பயிரிடும் தொழிலும் அங்கே பரவியது. நாற்பத்தைந்து நாளில் அறுவடையாகும் அப்பாசியிலிருந்து எடுக்கப்படும் 'கராகீனன்' பனிக்கூழுக்கும் பற்பசைக்கும் கெட்டித்தன்மை தருவது. ஆகவே 'கடற்பாசியை நாம் உண்டறியோம்' என்பது தவறு. பெயரறியாமல் உண்டு வருகின்றோம். அதனைப் பறிக்கும் கையினரை மட்டுமே அறியாதிருக்கின்றோம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்திய அரசின் வரவு செலவுத் திட்ட உரையில் தமிழ்நாட்டுக்குப் பாசிப் பூங்கா ஒன்று அறிவிக்கப்பட்டது. நம் கல்லூரியின் உயிரியல் மாணாக்கர், சுருளுக்கேற்ற தாளை நம் கடற்பாசிகள் எவற்றிலிருந்தேனும் செய்தல் கூடுமோ என்று ஆராயப் புகுவராயின், அது நன்முயற்சியாகும்.

என் கருத்துக்கு மாறாகச் சிலர் சொல்லக்கூடியவற்றையும் எண்ணிப் பார்த்தேன். 'அயல்நாட்டுத் தாளுக்குப் பணம் கொடுத்து உள்நாட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவது எவ்வகைச் சிக்கனம்?' என்பர் சிலர். இவ்வினா நியாயமானதே. ஒரு தாளின் விலை அதனுள் அடங்கிய சோற்றின் விலையினும் மிகுதியாதலை யான் மறுக்கவில்லை. நாடோறும் அதனை வாங்குமாறு யான் எவர்க்கும் கூறேன். பாசியில் அயோடின் மிகுதியாதலின் கழுத்துச் சுரப்பி நோயுடையார் மருத்துவரைக் கேட்டே உண்ணுதல் நலம். 'மணமும் சுவையும் நமக்கு ஒவ்வா' என்பார் வற்புறுத்தப்பட வேண்டுவதில்லை. உண்மையில் என் வாதம் தாளைப் பற்றியதன்று; தாளுக்குள் இருக்கும் சோற்றைப் பற்றியது. தாள் வந்ததனால் மிச்சச் சோற்றுக்கு மதிப்பு வருமாயின், அத்தாளுக்கு நன்றி கூறுவோம். தாள் இல்லாவிடத்தும் அம்மதிப்பு நிலைத்தல் வேண்டும் என்பதே யான் வேண்டுவது. புளிச்சோற்றைப் பாத்திரத்தில் மறைத்து உண்ட மாணவன், அடுத்திருந்த சுருளினும் எவ்வகையிலும் தாழ்ந்த உணவை உண்டானல்லன்.

வீணாகும் உணவின் அளவை நோக்கினால் இக்கருத்தின் தேவை விளங்கும். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வீடுகளிலேயே எறியப்பட்டது. பெரிய விருந்துகளை மட்டுமே குறைகூறும் நமக்கு இது நாணத்தக்க செய்தி. நாணவேண்டியது மிச்சத்தை உண்பதற்கன்று; மிச்சத்தை எறிவதற்கே.

இன்னும் ஒன்று கூறவேண்டும். கட்டுச்சோறு தாயின் கடமை என்று எண்ணி இளைஞர் உறங்கிக்கொண்டிருத்தல் முறையன்று. ஆவடியிலும் அம்பத்தூரிலும் தாயும் வேலைக்குச் செல்லும் இல்லங்கள் பல. விடியுமுன் எழுந்து, கணவனுக்கும் மக்களுக்கும் தனக்குமாக மூன்று நான்கு பாத்திரங்களை நிரப்பிய பின்னரே அவள் வண்டியைப் பிடிக்க ஓடுகின்றாள். இரவுச் சோற்றை ஆறவைத்து எடுத்துவைப்பதும், காலையிற் பிசைந்து கட்டுவதும் இருபது வயது ஆண்மகனால் இயலாத செயல்களா? வேதியியற் கூடத்தில் அளவு தவறாமற் பொருள்களைக் கலக்கும் கை, அடுக்களையிற் புளியும் உப்பும் கலக்க அறியாதிருத்தல் கல்விக்கு அழகன்று.

ஆகவே நம் கல்லூரியார்க்கு இரண்டு சிறு விண்ணப்பங்களைச் செய்கின்றேன். திங்களுக்கு ஒரு நாள், ஆசிரியரும் மாணாக்கரும் முந்திய நாளின் மிச்சத்திலிருந்து தாமே செய்த கட்டுச்சோற்றைக் கொணர்ந்து ஒருங்கே அமர்ந்து பகிர்ந்துண்ணும் வழக்கத்தை ஏற்படுத்துக. அன்று புளிச்சோறும் பாசிச்சுருளும் ஒரே வரிசையில் அமரட்டும். இரண்டாவதாக, விடுதியில் ஒவ்வொரு நாளும் எறியப்படும் சோற்றை நிறுத்து, அவ்வெடையை உணவுக்கூடத்து வாயிலிற் கரும்பலகையில் எழுதுக. எவரையும் கடிந்துரைக்க வேண்டுவதில்லை; பலகையே பேசும்.

மூடியைச் சாய்த்து மறைத்து உண்ட அம்மாணவனை மீண்டும் காண நேர்ந்தால், அவன் பக்கத்தில் அமர்ந்து ஒரு பிடி புளிச்சோறு கேட்டு உண்ண எண்ணியிருக்கின்றேன். முதலிற் கூறிய பழமொழி உண்மையே: கட்டிக் கொடுத்த சோறு ஒரு நாளைக்கு மேல் நில்லாது. ஆயின் தானே கட்டக் கற்றுக்கொண்ட சோறு வாழ்நாள் முழுமைக்கும் நிற்கும். நம் கல்லூரியை விட்டு வெளியேறும் இளைஞர் பட்டத்தோடு இவ்வறிவையும் உடன் கொண்டு செல்வாராக.